முடக்கிய வீட்டுக்கு விளக்கு வைத்தவர்

எந்த நாட்டின் வீடு என்று சொல்ல எனக்கு அனுமதியில்லை. மொழிபெயர்ப்பாளர் வேலையில் பாதிச் சம்பளம் பேசுவதற்கு, மீதிப் பாதி வாயைப் பொத்திக்கொண்டிருப்பதற்கு. பெயர்களையும் மாற்றிவிட்டேன். ஒரு நாடு, அதை நெடுங்காலம் ஆண்ட ஒரு ஜனாதிபதி. ஒருநாள் சனம் தெருவில் இறங்கியது, இராணுவம் பக்கம் மாறியது, அவர் விமானம் ஏறினார். ஏறியவர் போகிற வழியிலேயே நெஞ்சடைத்துச் செத்தார் என்று செய்தி வந்தது. உடலை ஒருவரும் பார்க்கவில்லை.

அவர் காலத்தில் வெளிநாடுகளில் வாங்கிப் போட்ட சொத்துகளை எல்லாம் அந்தந்த அரசுகள் முடக்கின. அதில் ஒன்று பலெர்மோவில், லிபெர்த்தா என்ற பணக்காரப் பகுதியில் இருக்கும் மாடி வீடு. இப்போது அதை யாரிடம் கொடுப்பது என்று வழக்கு. புதிய அரசு, ‘நாட்டுப் பணத்தில் வாங்கியது, எங்களிடம் தாருங்கள்’ என்கிறது. செத்தவரின் மகள், ‘அது எங்கள் குடும்ப வீடு, இன்றைக்கும் நாங்கள்தான் குடியிருக்கிறோம்’ என்கிறாள். மூன்றாவது தரப்பு, அந்த ஆட்சியில் காணாமல் போன பிள்ளைகளின் தாய்மார். வீட்டை விற்று, எங்கள் பிள்ளைகளைப் புதைத்த இடங்களைத் தோண்டித் தாருங்கள் என்று அவர்கள் கேட்கிறார்கள்.

முடக்கிய வீட்டை விற்கத்தான் கூடாது, குடியிருக்கத் தடையில்லையாம். குடும்பம் தொடர்ந்து அங்கே வாழ்ந்தது என்று தெரிந்தால் மகளின் கை ஓங்கும். ஒருவரும் வாழவில்லை என்றால் அவள் வழக்கு அதோடு சரி. வழக்கறிஞர் எனக்குச் சொல்லித் தந்தது இவ்வளவுதான். உள்ளதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள், முடக்கியபின் நீதிமன்றச் சம்பளத்தில் அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த பெண். அவர் மன்னார்த் தமிழர். அவருடைய இத்தாலியன் சந்தைக்கும் சமையலுக்கும் காணும், நீதிமன்றத்துக்குக் காணாது. அதனால் லண்டனில் இருந்து என்னை அழைத்தார்கள்.

முதல் நாள், விமான நிலையத்து பஸ் என்னை ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலைய வாசலில் இறக்கிவிட்டுப் போனபோது என் பெட்டியின் ஒரு சில்லும் அதனோடு போய்விட்டது. சில்லுக் கழன்ற பெட்டியை வுச்சீரியாச் சந்தையின் கல்லுப் பதித்த சந்துகளுக்குள் கடகடவென்று இழுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள், ஒருவர் கைதட்டினார். என் அறை ஒரு மீன் கடைக்கு மேலே. வீட்டுக்காரர் சால்வோ முதலில் கேட்டது பாஸ்போர்ட்டை அல்ல, சாப்பிட்டாயா என்று. இந்த ஒரு விஷயத்தில் பலெர்மோ யாழ்ப்பாணம்தான்.

அவர் வாங்கித் தந்தது அரஞ்சீனா. சோற்றை இறைச்சியோடு உருண்டையாகப் பிடித்து எண்ணெயில் பொரித்திருந்தார்கள். சோற்றைப் போய்ப் பொரிப்பார்களா என்று முகத்தைச் சுளித்தேன், பிறகு இன்னொன்று கேட்டு வாங்கினேன். கல்லறைத் திருநாள் வருகிற கிழமை அது. இனிப்புக் கடைக் கண்ணாடிகளுக்குள் அத்தி, பேரிக்காய், தோடம்பழம் எல்லாம் பளபளத்தன. உண்மையில் எல்லாமே பாதாம் மாவைப் பிசைந்து செய்த இனிப்பு. கையில் எடுத்துப் பார்த்தும் என்னால் நம்ப முடியவில்லை. திருநாளன்று செத்துப்போனவர்கள் வந்து வீட்டுப் பிள்ளைகளுக்கு இவற்றை வைத்துவிட்டுப் போவார்கள் என்றார் சால்வோ. நம் பக்கத்தில் செத்தவர்களுக்கு நாங்கள் படைப்போம், இங்கே அவர்கள் நமக்குப் படைக்கிறார்கள்.

“பயமில்லையா?” என்று கேட்டேன்.

“எங்கள் ஆட்கள்தானே, ஏன் பயம்?” என்றார்.

உடுப்போடு நிறுத்தி வைத்த பழைய பிணங்கள் இருக்கும் நிலவறை ஒன்று ஊரில் உண்டு, பார்க்காமல் போகாதே என்றும் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு, அந்தத் திசைக்கே போவதில்லை என்று மனதுக்குள் முடிவெடுத்தேன். நான் பயந்தாங்கொள்ளி. அதை மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

மாலையில் அந்த வீட்டை வெளியிலிருந்து ஒருமுறை பார்த்து வைப்போம் என்று பஸ் பிடித்தேன். பாதி வழியில் ஒரு கார் குறுக்கே நிறுத்திக் கிடந்தது. எங்கள் சாரதி இறங்கினார், கார்க்காரரைத் தேடிப் பிடித்தார், சண்டை போட்டார், பிறகு இரண்டு பேருமாகக் கோப்பி குடிக்கப் போய்விட்டார்கள். லண்டனில் என்றால் ஆளாளுக்கு முறைப்பாடு எழுதியிருப்பார்கள். இங்கே பக்கத்துச் சீட்டு மனிதர் எனக்கு ஒரு கடலை மிட்டாய் தந்தார். அந்தச் சாரதியின் புண்ணியத்தில் நான் போய்ச் சேர்ந்தது பொழுதுபடும் நேரம்.

ஆளில்லாத வீடு இருண்டு கிடக்கும் என்று நினைத்துப் போயிருந்தேன். வீடு முழுக்க வெளிச்சம். கீழே பெரிய கண்ணாடிச் சன்னல் வழியாகச் சாப்பாட்டு அறை தெரிந்தது. மேசைவிரிப்பு, தட்டுகள், கரண்டிகள், நடுவில் பழத்தட்டு, எல்லாம் சாப்பிட வரும் ஆட்களுக்காகக் காத்திருந்தன. எங்கேயோ வானொலி மெல்லப் பேசிக்கொண்டிருந்தது. வெங்காயம் வதக்கும் வாசனை வந்தது. மேல் மாடத்துக் கொடியில் ஒரு பெரிய ஆம்பிளையின் வெள்ளைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. இவ்வளவும் இருந்தும் ஒரு மனித நிழல் கூட அசையவில்லை. எனக்குப் பிடரி மயிர் சிலிர்த்தது.

எதிர்ப்பக்க பஸ் தரிப்பில் சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு பெண் நின்றார். அறுபது வயது இருக்கும். பஸ் ஒன்று வந்தது, அவர் ஏறவில்லை. அடுத்ததும் வந்தது, அதிலும் ஏறவில்லை. கண்ணை அந்த வீட்டிலிருந்து எடுக்கவேயில்லை. ஸ்டேஷனுக்கு இங்கேதான் ஏறவேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமல், உடைந்த ஆங்கிலத்தில், “அவர் இன்னும் சாப்பிட உட்காரவில்லை” என்றார்.

யார் என்று கேட்காமலே அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். அது எதிர்த்திசைக்குப் போகிற பஸ் என்பது கடல் தெரிந்த பிறகுதான் விளங்கியது.

இரண்டாம் நாள் வீட்டைப் பார்வையிடும் நாள். நீதிபதி அம்மா, மகளின் வழக்கறிஞர், புதிய அரசின் வழக்கறிஞர், என் ஆங்கிலத்தை இத்தாலியனாக்க ஒரு இளம் பெண், நான். தாய்மாரின் வழக்கறிஞர் தனக்கு இன்னொரு வழக்கு இருப்பதாகச் சொல்லி வரவில்லை. காசில்லாத கட்சிக்காரருக்கு எந்த ஊரிலும் இதுதான் நிலைமை.

படலையில் நின்றவர்தான் சாட்சி ரெஜினா. குள்ளமான மெலிந்த உருவம், கம்பளிச் சட்டை, காலுறைக்கு மேல் செருப்பு. இடுப்பில் ஊக்குக் குத்தி அதில் சாவிக்கொத்தைத் தொங்கவிட்டிருந்தார். வாசலோரத்தில் இருந்த சின்ன வீட்டில் அவர் தனியாக இருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“நீங்கள் யாழ்ப்பாணமோ தம்பி?”

“ஓம் அக்கா.”

“நல்லதாப் போச்சு. இவையள் கதைக்கிறது வேகம். எனக்குப் பாதிதான் பிடிபடும்.”

அதற்கு மேல் பேசக்கூடாது என்று நான் கண்ணால் சொன்னேன். சாட்சியோடு மொழிபெயர்ப்பாளர் உறவு கொண்டாடக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி.

உள்ளே போனோம். ஆட்சி கவிழ்ந்த நாளிலிருந்து வீட்டில் யாரும் இல்லை என்று புதிய அரசின் வழக்கறிஞர் படிக்கட்டிலேயே சொல்லிக்கொண்டு வந்தார். உள்ளே கால் வைத்ததும் நின்றுவிட்டார். கூடத்துச் சாவிக் கடிகாரம் டக் டக் என்று ஓடிக்கொண்டிருந்தது. மேசையில் தட்டுகளில் தூசு இல்லை. படுக்கை அறையில் போர்வை ஒரு பக்கம் மடித்து விடப்பட்டிருந்தது, கட்டிலுக்குக் கீழே ஒரு சோடிச் செருப்பு நுனியை வெளியே காட்டிக்கொண்டு இருந்தது. நீதிபதி சமையலறைக் கேத்தலைத் தொட்டார். கையை வெடுக்கென்று எடுத்தார்.

“சூடு” என்றார்.

மகளின் வழக்கறிஞர் சிரித்தார். “நான் சொன்னேனே, குடும்பம் இங்கேதான் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். தினமும் வெளிச்சம், கிழமைக்கொரு தடவை ஐயாவின் சட்டை கொடியில். எல்லாரும் கண்டிருக்கிறார்கள்.”

புதிய அரசின் வழக்கறிஞர் அந்த நாட்டுக்காரர். ஆறடி உயரமானவர். அவர் பழத்தட்டிலிருந்து ஒரு அத்திப்பழத்தை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். பழம் கையிலிருந்து விழுந்து தரையில் உடைந்தது. சாறு வரவில்லை, வெள்ளை மாவாக உதிர்ந்தது. பாதாம் பழம். அதற்கும் எல்லாரும் பயந்தார்கள். அவர் என் பக்கம் குனிந்து, “அந்த ஆள் உயிரோடு இருக்கிறானா?” என்று மெதுவாகக் கேட்டார். அந்த ஆளைக் கவிழ்த்துவிட்டு வந்த அரசின் ஆள், அந்த ஆளின் சாப்பாட்டு மேசையின் முன்னால் வேர்த்து நின்றார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் உள்ளங்கையும் ஈரமாகத்தான் இருந்தது.

நீதிபதி ரெஜினா அக்காவைப் பார்த்தார். அக்கா தரையில் உதிர்ந்த மாவைக் குனிந்து கைக்குட்டையில் அள்ளிக்கொண்டிருந்தார். இங்கே வேண்டாம், சாட்சியத்தை நீதிமன்றத்தில் சொல்லட்டும் என்று சொல்லிவிட்டு நீதிபதி வெளியேறினார். எல்லாரும் சற்று வேகமாகவே பின்னால் போனோம்.

மூன்றாம் நாள் ஞாயிறு. சாட்சியின் கண்ணில் படாமல் இருப்பதற்காக வேளைக்கே வெளிக்கிட்டு நகரத்தைச் சுற்றினேன். கடலை மாவை மெல்லிய பலகை மாதிரித் தட்டிப் பொரித்துப் பாணுக்குள் வைத்துத் தருகிறார்கள். நம்முடைய கடலை வடைக்கு இத்தாலியில் ஒரு ஒன்றுவிட்ட சகோதரன் இருக்கிறான் என்று தெரிந்துகொண்டேன். பிறகு ஒரு தெருவில் தமிழ்ப் பாட்டுக் கேட்டது. காலைத் தடுக்க முடியவில்லை. அது தமிழில் பூசை நடக்கும் கத்தோலிக்கக் கோயில். வெளியே பிள்ளைகள் தமிழையும் சிசிலிக்காரரின் இத்தாலியனையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் கத்திக்கொண்டு ஓடினார்கள். பலெர்மோத் தமிழர் எல்லாரும் கூடுகிற இடத்துக்குத்தான் நான் ஒளிக்கப் போயிருக்கிறேன்.

பூசை முடிந்து ரெஜினா அக்கா வந்தார். நான் உட்கார்ந்திருந்த கல்லு வாங்கின் மற்ற நுனியில் வந்து உட்கார்ந்தார். நடுவில் ஒரு பொதியை வைத்தார். புட்டும் வாளைமீன் குழம்பும். வாசனையே என்னைப் பாதி விழுத்திவிட்டது.

“அக்கா, நான் உங்களோடை கதைக்கப்பிடாது. அது பிழை.”

“நீங்கள் கதைக்க வேண்டாம். சாப்பிடுங்கோ. நான் சும்மா சுவரைப் பார்த்துக் கதைக்கிறன்.”

சுவரைப் பார்த்தே கதைத்தார். நான் தின்றேன். விதியைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம், அந்தக் குழம்பைத் தின்றுபார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

“அந்தப் பிள்ளையின்ரை லோயர் வந்தவர். சிஞ்ஞோரினா இஞ்சைதான் இருந்தவ எண்டு சொல்லு, சாகுமட்டும் நீ இந்த வீட்டிலை இருக்கலாம் எண்டவர். மற்ற மாதிரிச் சொன்னா நான் இருக்கிற வீடும் போகும், வேலையும் போகும். வேலை இல்லாட்டி பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கேலாது. இந்த வயசிலை ஆர் எனக்கு வேலை தரப்போகினம்? ஊரிலையும் எனக்கு வீடில்லை.”

சிஞ்ஞோரினா என்றது அந்த மகளை. பெர்மெஸ்ஸோ என்பது இத்தாலியில் இருப்பதற்கான அனுமதி. அது இல்லாமல் போன நம் ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நான் பொதியை மூடி வைத்தேன்.

“அப்ப என்ன சொல்லப்போறியள்?” என்று நான் கேட்கவேயில்லை. ஆனால் அவர் பதில் சொன்னார்.

“தெரியேல்லைத் தம்பி. மாதாவிட்டைக் கேட்டன். அவ சும்மா பார்த்துக்கொண்டு நிண்டா.”

நான்காம் நாள் நீதிமன்றம். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சாட்சி ‘நான்’ என்றால் நாங்களும் ‘நான்’ என்றுதான் சொல்லவேண்டும். ‘அவர் சொல்கிறார்’ என்று ஒதுங்கி நிற்க முடியாது. திருடனுக்கும் பேசியிருக்கிறேன், திருட்டுக் கொடுத்தவருக்கும் பேசியிருக்கிறேன். அன்றைக்குப் போல என் வாய் ஒருநாளும் எனக்குக் கனத்ததில்லை.

அந்த வீட்டில் யார் குடியிருந்தது என்று நீதிபதி கேட்டார். அக்கா செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டார். மகளின் வழக்கறிஞர் அவரைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். சொல்லு, சொல்லு என்பதுபோல. அந்தத் தலையசைப்புத்தான் எல்லாவற்றையும் மாற்றியது என்று நினைக்கிறேன்.

“ஒருதரும் இருக்கேல்லை” என்றார் அக்கா. “லைற் போட்டது நான். மேசை வைச்சது நான். சட்டையைத் தோச்சுக் கொடியிலை போட்டதும் நான்தான்.”

“விளக்குப் போட்டது நான்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அறையில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

பகலில் போய்த் தூசு தட்டிவிட்டு வரத்தானே உங்களுக்கு அனுமதி, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று நீதிபதி கேட்டார்.

“ஆளில்லாத வீடெண்டு தெரிஞ்சா வந்து குந்தியிடுவாங்கள். சண்டைக்கை இடம்பெயர்ந்து போகேக்கை நாங்கள் என்ன செய்யிறனாங்கள்? நிக்கிற ஆரிட்டையாவது திறப்பைக் குடுத்து, பொழுதுபட்டா விளக்கைக் கொளுத்து, முத்தம் வாசலைக் கூட்டு, ஒரு ஆம்பிளைச் சட்டையைக் கொடியிலை போடு எண்டு சொல்லிப்போட்டுத்தான் போறது. நானும் பக்கத்து வீட்டு மனிசியிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் வெளிக்கிட்டனான். பிறகு அந்த மனிசியும் இடம்பெயர்ந்திட்டுது. வீடு இருண்டு போச்சு. நான் திரும்பிப் போய்ப் படலையிலை நிண்டு பார்க்கிறன், உள்ளுக்கை விளக்கெரியுது, ஆற்றையோ பிள்ளையள் இருந்து படிக்குதுகள். எங்கடை வீடெண்டு சொல்லிச்சினம். நான் வந்த வழியிலை திரும்பீட்டன்.”

தண்ணீர் ஒரு வாய் குடித்தார்.

“இந்த வீட்டைப் பார்த்துக்கொள் எண்டு என்ரை கையிலை தந்தவை. எனக்குத் தெரிஞ்ச மாதிரிப் பார்த்தன். றோட்டாலை போறவைக்குக் கண்ணாடியாலை மேசை தெரியும், அதுதான் தட்டுக் கோப்பை வைச்சன். உண்மைப் பழம் அழுகும், அதுதான் பாதாம் பழம். வெங்காயம் வதக்கினா வாசம் றோட்டுமட்டும் போகும். கடைசியிலை ஒரு தேத்தண்ணி வைச்சுக் குடிச்சிட்டு என்ரை அறைக்குப் போயிடுவன். நீங்கள் வந்த அண்டைக்குப் பயத்திலை காலமையே ஒண்டு வைச்சுக் குடிச்சிட்டன். அதுதான் கேத்தில் சுட்டது.”

இரண்டு மொழி தாண்டி அது நீதிபதியிடம் போய்ச் சேரும்வரை அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்காக அந்த வீட்டைக் காத்தீர்கள், அது யாருடையது என்று நினைத்தீர்கள் என்று நீதிபதி கேட்டார்.

“ஆற்றை எண்டு எனக்கென்னெண்டு தெரியும்? உரிய ஆக்கள் வருமட்டும் வேறை ஒருதரும் குந்தப்பிடாது. அவ்வளவுதான்.”

மகளின் வழக்கறிஞர் எழுந்தார். உங்கள் எதிர்காலத்தை யோசித்துப் பேசுங்கள் என்றார். அக்காவுக்கு அது மொழிபெயர்க்காமலேயே விளங்கிவிட்டது. முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது.

“நான் போட்ட லைற்றை அந்தப் பிள்ளை தன்ரை எண்டு சொல்லுது. என்ரை வீட்டையும் இப்பிடித்தான் எடுத்தவை.”

அதைச் சொல்லும்போது என் குரலும் உயர்ந்துவிட்டது. மொழிபெயர்ப்பாளர் குரலை உயர்த்தக்கூடாது. நீதிபதி என்னைக் கண்டிக்கவில்லை.

மகளின் வழக்கு அங்கேயே ஆட்டம் கண்டது. புதிய அரசுக்கா தாய்மாருக்கா என்பதற்குத் தீர்ப்பு இதை எழுதும்வரை வரவில்லை. ஆனால் அக்காவின் கதை அன்றைக்கே முடிந்தது. அனுமதி மீறியதற்காக வேலையிலிருந்து நிறுத்தம். வாசலோரத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும், சாவிகளை ஒப்படைக்க வேண்டும், மாளிகைக்கு மின்சாரத்தை வெட்டி வாசல் கதவுக்கு முத்திரை வைக்க வேண்டும். நீதிபதி இதை வாசித்தபோது அவருடைய முகமும் நன்றாக இல்லை. இதையும் நான்தான் அக்காவுக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அக்கா, “ஓம், விளங்குது” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் அரச விடுமுறை. ஆறாம் நாள் கல்லறைத் திருநாள். என் வேலை முடிந்துவிட்டபடியால் விதியும் முடிந்துவிட்டது. அக்காவின் சாமான் தூக்கப் போனேன். கோயிலில் கண்ட ஒரு குடும்பம் கொஞ்ச நாளைக்கு அவரைத் தங்களோடு வைத்திருக்கச் சம்மதித்திருந்தது. இத்தனை வருட வாழ்க்கை இரண்டு பெட்டிக்குள் அடங்கிவிட்டது. என் பெட்டியைவிட அவற்றின் சில்லுகள் நன்றாக ஓடின. மத்தியானம் அக்கா கல்லறைக்குப் போய், தனக்குத் தெரியாத யார் யாருக்கோ மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தார். எல்லாம் முடிந்து படலையைச் சாத்தும்போது பொழுது பட்டுவிட்டது.

நாங்கள் இருவரும் எதிர்ப்பக்கப் பஸ் தரிப்புக்கு வந்து திரும்பிப் பார்த்தோம். வீடு இருண்டு கிடந்தது. தெருவில் மற்ற எல்லா வீட்டிலும் வெளிச்சம். அது மட்டும் ஒரு பல்லு விழுந்த இடம் மாதிரி இருந்தது. மேல் மாடத்துக் கொடியில் அந்த வெள்ளைச் சட்டை மட்டும் இன்னும் தொங்கியது. முத்திரை வைத்தவர்கள் அதை எடுக்க மறந்திருந்தார்கள். காற்றில் அதன் கை மேலே எழும்பி விழுந்தது. எனக்கு வெளிச்சமாக இருந்தபோது வந்த பயத்தைவிட இப்போது வந்த பயம் பெரியது.

“யார் விளக்கை அணைத்தது?”

சாம்பல் கோட்டுப் பெண். எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. அக்காவுக்கு அவரைப் பழக்கம். பக்கத்துத் தெருவில் ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்பவர் என்றும், தினமும் வேலை முடிந்து இங்கே வந்து நிற்பவர் என்றும் எனக்குச் சொன்னார். இரண்டு பேரும் வேலைக்காரரின் இத்தாலியனில் பேசிக்கொண்டார்கள். அக்கா எனக்கு அதைத் தமிழாக்கினார். என் வேலையை எனக்கே வேறொருவர் செய்த முதல் நாள் அது.

அந்தப் பெண் அந்த நாட்டுக்காரர். அவருடைய மகனை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள், பிறகு திரும்பவில்லை. வழக்குப் போட்ட தாய்மாரில் அவரும் ஒருவர். ஜனாதிபதி செத்த செய்தியை அவர் நம்பவில்லை. அவனுடைய சட்டை கொடியில் காய்கிறது, அவனுக்கு மேசை வைக்கிறார்கள், அவன் உள்ளேதான் இருக்கிறான் என்று நினைத்துக் காத்து நின்றிருக்கிறார். ஒருநாள் கதவு திறக்கும், அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கவேண்டும் என்று.

“அந்தச் சட்டையைக் கொடியில் போட்டது நான்” என்றார் அக்கா.

“நீயா?”

“நான்தான். எல்லாம் நான்தான்.”

அந்தப் பெண் அக்காவின் கையைப் பிடித்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். பிடித்தபடியே நின்றார்.

“அப்படியென்றால் அவன் செத்துவிட்டானா?”

“செத்துப்போனான்.”

“அப்போது நான் யாரிடம் போய்க் கேட்பது?”

அக்கா அதைத் தமிழாக்கும்போது குரல் உடைந்தது. எனக்குக் கண் கலங்கியது, அதை நான் துடைக்கவும் இல்லை. வீடு யாருக்கு, யாருக்கு என்று ஒரு கிழமையாக நான் இரண்டு மொழியில் பேசியிருக்கிறேன். இந்தக் கேள்வி ஒருமுறையும் என் வாயில் வரவில்லை.

“உள்ளே ஒருவரும் இல்லை. ஆனால் நான் சொன்னால் நீ நம்பமாட்டாய்” என்றார் அக்கா. இடுப்பில் இருந்த ஊக்கைக் கழற்றினார். அதில் ஒரே ஒரு சாவி இருந்தது. “பின் ஒழுங்கைப் பக்கம் சமையலறைக் கதவு. போய் எல்லா அறையையும் நீயே பார்.”

நான் திகைத்துப்போய்ப் பார்த்தேன். அக்கா என் பக்கம் திரும்பினார்.

“கொத்திலை இருந்ததைத்தானே கேட்டவை தம்பி. இதை ஒருதரும் கேக்கேல்லை.”

இதை எழுதியதற்கு யாரும் அக்காவைத் தேடிப் போக வேண்டாம். அந்தக் கதவின் பூட்டு இப்போது மாற்றியாகிவிட்டது.

அந்தப் பெண் ஒழுங்கைக்குள் போய் மறைந்தார். கொஞ்ச நேரத்தில் கீழ்ச் சன்னல் ஒன்றில் கைத்தொலைபேசியின் சின்ன வெளிச்சம் தெரிந்தது.

“அது குசினி” என்றார் அக்கா.

வெளிச்சம் அணைந்து பக்கத்தில் வந்தது. “சாப்பாட்டறை.” மேசையைச் சுற்றி மெதுவாக ஒரு வட்டம் வந்தது. ஒவ்வொரு கதிரைக்கும் பின்னால் நின்று நின்று வந்தது. பிறகு படிக்கட்டு. “மேலை போறா.” ஒரு அறை, மற்ற அறை. அலுமாரிக் கதவுகளைத் திறந்து பார்க்கிறார் போல, வெளிச்சம் தாழ்ந்தது, உயர்ந்தது, ஒரு இடத்தில் தரையோடு படுத்தது. கட்டிலுக்குக் கீழேயும் பார்க்கிறார். எங்களுக்குச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. என்னுடைய பஸ் வந்தது, நான் ஏறவில்லை.

கடைசியாக மேல் மாடத்துக் கதவு திறந்தது. இரண்டு கைகள் வெளியே வந்தன. கொடியிலிருந்து அந்தச் சட்டையை எடுத்தன. கதவு திரும்பச் சாத்திக்கொண்டது. அந்த அறையில் வெளிச்சம் அசையாமல் நின்றது.

“இருந்திட்டா போலை” என்றார் அக்கா.

மனைவியோடும் நாயோடும் நடந்துவந்த ஒரு கிழவர் எங்கள் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். தன் மனைவியின் தோளைத் தட்டி ஏதோ சொல்லிவிட்டு நடந்தார்.

“என்னவாம்?” என்று கேட்டேன்.

“பார், அவர்கள் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்கள் எண்டு சொல்லிப்போட்டுப் போறார்.”

அக்கா பெட்டியின் கைபிடியைப் பிடித்தார். ஆனால் புறப்படவில்லை. மேலே அந்த ஒற்றை வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“அவருக்கென்ன தெரியும் தம்பி. உரிய ஆக்கள் இப்பதான் வந்திருக்கினம்.”